அடம்பிடிக்கும் ஃபைலை அழிப்பது எப்படி?

கேள்வி: விண்டோஸில் ஒரு பழைய வீடியோவை டெலீட் செய்யப் போனால், 'இந்த ஃபைல் வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது' என்றே வருகிறது. எல்லாவற்றையும் மூடிவிட்டேன், ஆஃப் செய்து ஆன் செய்தும் பார்த்தாயிற்று. இப்படி மாட்டிய ஃபைலை விடுவிக்க நெட்டில் கிடைக்கும் அன்லாக்கர் டூல் ஏதாவது போடலாமா?

பதில்: அதற்கு இப்போது அவசியமே இல்லை. எந்த புரோகிராம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் போதும், அதற்கான வசதி விண்டோஸிலேயே இருக்கிறது.

வீடியோ என்பதால் எனக்கு முதல் சந்தேகம், ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் ஃபைல் எக்ஸ்புளோரர் மேல்தான். நீங்கள் ஃபைலை கிளிக் செய்ததுமே பக்கத்தில் பிரிவியூ காட்டவும், சின்னப் படம் எடுக்கவும் அதுவே வீடியோவைத் திறந்துகொள்ளும், அப்புறம் அதுவே 'யாரோ திறந்திருக்கிறார்கள்' என்று உங்களிடம் புகாரும் சொல்லும்! ஆல்ட், பி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிரிவியூ பேன் மறைந்துவிடும். பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்புளோரர் (அதே எக்ஸ்புளோரர்தான்) மேல் ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். திரை ஒரு நொடி காலியாகித் திரும்ப வரும், பயப்பட வேண்டாம். பெரும்பாலும் இதிலேயே வேலை முடிந்துவிடும்.

முடியவில்லையா? ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, சிபியு டேபுக்குப் போங்கள். அங்கே அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்ற பகுதியில் ஒரு தேடல் பெட்டி இருக்கும். ஃபைல் பெயரில் பாதியை டைப் செய்தால் போதும், அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராமின் பெயர் கீழே வந்து நிற்கும். டாரன்ட், வீடியோ எடிட்டர், கிளவுட் சிங்க் போன்றவைதான் அடிக்கடி மாட்டும். ஜன்னலை மூடினாலும் இவை பின்னணியில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஐகானிலிருந்து முழுசாக வெளியேறுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மட்டும், அந்தப் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து எண்ட் பிராசஸ் கொடுத்து வலுக்கட்டாயமாக நிறுத்துங்கள். ரைட் கிளிக்கிலேயே இதெல்லாம் வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்டின் இலவச டூல் தொகுப்பான பவர்டாய்ஸில் ஃபைல் லாக்ஸ்மித் இருக்கிறது.

ஆஃப் செய்து ஆன் செய்தேன் என்கிறீர்களே, அது ரீஸ்டார்ட் ஆகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்பகுதியை அப்படியே டிஸ்க்கில் சேமித்து மறுபடி எழுப்பும், ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ரீஸ்டார்ட் ஆனதும் வேறு எதையும் திறக்காமல் டெலீட் செய்யுங்கள். கடைசி வழி, அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸைத் தொடங்கும் சேஃப் மோட். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கான மெனு வரும்.

அன்லாக்கரை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ஃபைலில் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமுக்குத் தெரியாமல் அதன் பிடியை வெட்டிவிட்டால் அது கிராஷ் ஆகலாம், டேட்டாவும் கெட்டுப்போகலாம். போதாக்குறைக்கு இந்த வகை இலவச டூல்கள் சிலவற்றோடு விளம்பரக் குப்பையும் சேர்ந்தே இன்ஸ்டால் ஆகும்.

செய்தி வேறாக இருந்தால் வைத்தியமும் வேறு. அனுமதி இல்லை என்று வந்தால், பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வந்த ஃபைலாக இருக்கலாம். பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு வழியாக ஓனரை உங்கள் பெயருக்கு மாற்றி, அனுமதியும் கொடுங்கள். ஓனர் டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்றிருந்தால் தொடாதீர்கள், அது விண்டோஸின் சொந்த ஃபைல். பாதை நீளம் என்று வந்தால், ஃபோல்டர்களின் பெயர்களும் ஃபைல் பெயரும் சேர்ந்த முழு முகவரி வழக்கமான 260 எழுத்து வரம்பைத் தாண்டிவிட்டது, மேலே உள்ள ஃபோல்டர்களின் பெயரைச் சுருக்கிவிட்டு டெலீட் செய்யுங்கள்.