எட்டு வயது மகளுக்கு நாயும் இயந்திரங்களும் வரும் ஸ்டீம்பங்க் (நீராவி யுகக் கற்பனை) கதை சொல்ல வேண்டும். சிரிப்பும் வர வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

எலும்பிலிருந்து தொடங்குங்கள்.

1679இல் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் ஒரு பாத்திரத்தைக் காட்டினார். கனத்த உலோகச் சுவர், இறுக்கித் திருகிய மூடி, உள்ளே நீராவி அளவு மீறினால் தானே மேலெழும்பி வழிவிடும் எடை கட்டிய வால்வு. இன்று நம் அடுப்பில் விசில் அடிக்கும் குக்கரின் மூதாதை அதுதான். ஆனால் பாப்பன் அதைச் சோறு வடிக்கச் செய்யவில்லை. கடினமான எலும்பையும் குழைய வேகவைப்பதற்காகச் செய்தார். 1681இல் அவர் எழுதிய நூலின் தலைப்பிலேயே ‘எலும்பை மென்மையாக்கும் இயந்திரம்’ என்றுதான் இருக்கிறது. அடுத்த ஆண்டு ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு அந்தப் பாத்திரத்தில் சமைத்து விருந்து வைத்தார். மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல மெத்தென்று ஆகிவிட்டதாக, விருந்துக்குப் போன ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது அந்தச் சமையலறையில் ஒரு நாயை உட்கார வையுங்கள். ஊரே பாராட்டும் கண்டுபிடிப்பு, உலகத்து எலும்புகளையெல்லாம் கூழாக்கும் கண்டுபிடிப்பு, அந்த நாய்க்கு எவ்வளவு பெரிய அநியாயம்! எட்டு வயதுக் குழந்தைக்கு விளக்கமே தேவைப்படாது. முதல் வரியிலேயே நாயின் பக்கம் சேர்ந்துவிடுவாள்.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த வகைக் கதையில் நாய் வெறுமனே கண்டுபிடிப்பாளரின் பின்னால் வாலாட்டிக்கொண்டு ஓடிவரக் கூடாது. இயந்திரத்தால் நாய்க்கு ஒரு லாபமோ நஷ்டமோ இருக்க வேண்டும். அதேபோல இயந்திரமும் உண்மையாகவே வேலை செய்ய வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் சிரிப்பைத் தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை.

‘ஸ்டீம்பங்க்’ என்ற பெயரை 1987இல் கே. டபிள்யூ. ஜெட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் முதலில் பயன்படுத்தினார். நீராவி யுகம் முடியாமல் தொடர்ந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனைதான் அது. பித்தளைக் குழாய், பற்சக்கரம், கண்ணை மூடும் பெரிய கண்ணாடி என்று வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். குழந்தைகளிடம் அது செல்லாது. எங்கள் பகுதி நூலகத்தில் சிறுவர்களுக்குக் கதை சொல்லும்போது, தொப்பியில் பற்சக்கரம் வைத்த ஒரு விஞ்ஞானியின் படத்தைக் காட்டினேன். முன்வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பையன் எழுந்து வந்து, படத்தில் விரலை வைத்து, “அக்கா, இந்தச் சக்கரம் எதைச் சுற்றுகிறது?” என்று கேட்டான். அவன் கேட்டது மிகச் சரியான கேள்வி. உங்கள் கதையில் வரும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பதில் இருக்கட்டும்.

நாயே சக்கரத்தைச் சுற்றிய காலம் ஒன்று உண்மையில் இருந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் சமையலறைகளில் இறைச்சியைக் கம்பியில் கோத்து நெருப்பின் முன்னால் மணிக்கணக்காகச் சுற்றுவார்கள். அந்த வேலைக்கென்றே நீண்ட உடலும் குட்டையான வளைந்த கால்களும் கொண்ட ஒரு நாய் இனத்தை வளர்த்தார்கள். சுவரில் உயரத்தில் ஒரு மரச்சக்கரம் மாட்டியிருக்கும். நாய் அதற்குள் ஏறி ஓட ஓட, கயிறோ சங்கிலியோ வழியாகக் கீழே இறைச்சிக் கம்பி சுற்றும். 1576இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நாய்கள் பற்றிய நூலிலேயே இந்த இனம் இடம்பெற்றுவிட்டது. வெந்துகொண்டிருக்கும் கறியின் மணத்திலேயே நாள் முழுக்க ஓட வேண்டும், ஆனால் எட்டிப் பிடிக்க முடியாது. கொடுமையான வேலை, நாயின் பக்கம் நின்று பார்த்தால் மனம் கசியும். பிறகு கடிகாரம் போல எடையாலும் பற்சக்கரத்தாலும் கம்பியைச் சுற்றும் கருவிகள் மலிவாக வந்தன. நாய்களுக்கு வேலை போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்த இனமே அருகிப்போய் மறைந்துவிட்டது. வேல்ஸில் ஆபர்கவென்னி அருங்காட்சியகத்தில் ‘விஸ்கி’ என்ற ஒரு நாயின் பதப்படுத்திய உடல் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

இந்த நாய்களைப் பற்றி ஒரு பழைய வேடிக்கைக் கதையும் உண்டு. குளிருக்குக் காலடியில் கதகதப்பாக இருக்கட்டும் என்று அவற்றைத் தேவாலயத்துக்கும் கூட்டிப்போவார்களாம். பாத் நகரில் ஒரு பிஷப் பிரசங்கத்தின் நடுவே, பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட சக்கரத்தைப் பற்றி உரத்த குரலில் சொல்ல, ‘சக்கரம்’ என்று காதில் விழுந்ததும் அத்தனை நாய்களும் வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினவாம். நடந்ததோ இல்லையோ, இதைச் சொன்னால் சிரிக்காத குழந்தையை நான் பார்த்ததில்லை.

ஆகவே உங்கள் நாயகன் தயாராக இருக்கிறான்: இயந்திரத்தால் வேலை இழந்த ஒரு சமையலறை நாய். குட்டைக் கால். ஆனால் எது வெந்தது, எது அடிப்பிடிக்கப் போகிறது என்று மூக்காலேயே சொல்லிவிடும். அவனை இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வாலுக்கு அனுப்புங்கள்.

அங்கே கேம்போர்ன் என்ற சுரங்க ஊரில், 1801ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலை, ரிச்சர்ட் டிரெவிதிக் என்ற பொறியாளர் தன் நீராவி வண்டியை மேட்டில் ஏற்றி ஓட்டிக் காட்டினார். தண்டவாளம் கிடையாது, குதிரை கிடையாது. ஊர்க்காரர்கள் தொற்றிக்கொண்டு ஏறினார்கள். சில நாள் கழித்து மறுபடி வெளியே எடுத்தபோது வண்டி வழியில் பழுதாகி நின்றது. அதை ஒரு கொட்டகைக்குள் தள்ளிவிட்டு, டிரெவிதிக்கும் கூட்டாளிகளும் பக்கத்து விடுதியில் வாட்டிய வாத்துக்கறியும் மதுவுமாக விருந்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கொதிகலனில் எரிந்த நெருப்பை அணைக்க எல்லோரும் மறந்துபோனார்கள். தண்ணீர் வற்றியது. இரும்பு பழுத்தது. வண்டியோடு கொட்டகையும் எரிந்தது.

இந்த விருந்தில் நம் நாய் மேஜைக்கு அடியில் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ கருகும் வாடை அவனுக்கு முதலில் தெரிகிறது. குரைக்கிறான். “வாத்துக்கு ஆசைப்படுகிறான்” என்று ஒருவர் ஒரு துண்டைப் போடுகிறார். மறுபடி குரைக்கிறான், இன்னொரு துண்டு. வாழ்நாள் முழுக்க எட்டாத கறி இப்போது தட்டு நிறைய வருகிறது, அவனோ அதைத் தின்னாமல் கதவைப் பிறாண்டுகிறான்! கதையின் உச்சம் இந்த இடம்தான், அவசரப்படாமல் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முறை நிறுத்தி, மகள் முகத்தைப் பாருங்கள்.

தண்ணீர் வற்றினால் ஏன் ஆபத்து என்று அவள் கேட்பாள். சமையலறைக்கு அழைத்துப் போய் அடுப்பில் ஏற்றாத குக்கரைக் கையில் கொடுங்கள். வெயிட்டைத் தூக்கிப் பார்க்கட்டும், எவ்வளவு கனம் என்று தெரியும். அந்தக் கனத்தைத் தூக்கும் அளவுக்கு உள்ளே நீராவி சேர்ந்தால்தான் விசில். பிறகு மூடியில் இருக்கும் சிறிய பாதுகாப்பு வால்வைக் காட்டுங்கள். தண்ணீர் வற்றிச் சூடு ஏறினாலோ, விசில் வழி அடைத்துக்கொண்டாலோ அது உருகி நீராவிக்கு வழிவிடும். இதே உபாயத்தைக் கொதிகலனில் முதலில் பொருத்தியவர் டிரெவிதிக்தான். 1803இல் கிரீனிச்சில் அவருடைய கொதிகலன் ஒன்று வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கொதிகலனில் ஓர் ஈய அடைப்பானை வைத்தார். தண்ணீர் மேலே நிற்கும்வரை ஈயம் கெட்டியாக இருக்கும். தண்ணீர் இறங்கினால் உருகி, நீராவி வெளியே பாயும். இறப்பைப் பற்றி எட்டு வயதில் சொல்லத் தேவையில்லை என்பது என் கருத்து. கதையில் அந்த ஈய அடைப்பானுக்கான யோசனையை நாயின் மூக்கிலிருந்து வரவிடுங்கள்: நாய் தூங்கும்போதும் கவனித்துக்கொள்ளும் இன்னொரு மூக்கு வேண்டும் என்று கண்டுபிடிப்பாளர் நினைக்கட்டும்.

கதை நீண்டால் வழித்துணைக்கு ஆட்கள் நிறைய உண்டு. லண்டனுக்கு அருகே ஸ்லவ் ரயில் நிலையத்தில் 1890களில் ஜிம் என்ற நாய் முதுகில் உண்டியலைக் கட்டிக்கொண்டு ரயில்வே ஊழியர்களின் விதவைகளுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் நிதி திரட்டியது. காசு விழுந்தால் ஒரு குரைப்பு. அதன் பதப்படுத்திய உடலை இன்றும் அந்த நிலையத்து நடைமேடையில் பார்க்கலாம். 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் டாக்டர் மெரிவெதர் என்பவர் புயலை முன்கூட்டிச் சொல்லும் கருவியை வைத்தார்: பன்னிரண்டு குப்பிகளில் பன்னிரண்டு அட்டைப்பூச்சிகள், அவை மேலே ஏறினால் மணி அடிக்கும். கற்பனையாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அத்தனையும் உண்மை.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். கண்டுபிடிப்பாளர் எப்போதும் தாடி வைத்த ஐயாவாக இருக்க வேண்டாம். 1828இல் பன்னிரண்டு வயது அடா, பிற்காலத்தில் கணினி வரலாற்றில் இடம்பிடித்த அதே அடா லவ்லேஸ், பறவைகளின் சிறகை ஆராய்ந்து, வயிற்றுக்குள் நீராவி இயந்திரம் வைத்த ஒரு பறக்கும் குதிரையைச் செய்யப்போவதாகத் தன் தாய்க்குக் கடிதம் எழுதினாள். குதிரை செய்யப்படவே இல்லை. உங்கள் இரண்டாவது கதைக்கு அந்தக் குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். கொதிகலன் எங்கே, சிறகை அசைக்கும் தண்டு எங்கே, நாய் உட்காரும் இடம் எங்கே என்று மகளையே காகிதத்தில் வரையச் சொல்லுங்கள்.