கழுத்துல இருக்கிற சுரப்பிக்கும் பல்லு வேருக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: என் பையனுக்கு 8 வயசு. தைராய்டு கம்மின்னு போன வருஷம்தான் கண்டுபிடிச்சாங்க, மாத்திரை போடுறான். கூட படிக்கிற பசங்களுக்கு மேல் முன்பல் முளைச்சாச்சு, இவனுக்கு பால் பல்லே இன்னும் விழல. எக்ஸ்ரே பாத்த பல் டாக்டர் வேர் இன்னும் முழுசா உருவாகல, ஹார்மோன்கூட காரணமா இருக்கலாம்னு சொல்றார். பயமா இருக்கு டாக்டர்.

பதில்: மொதல்ல பயத்தை விடுங்கம்மா. மேல் நடு முன்பல்லோட வேர் எல்லா குழந்தைக்குமே 10 வயசு கிட்டத்தான் முடியும், பல் வெளிய வந்த பிறகும் ரெண்டு மூணு வருஷம் வேர் வளந்துட்டேதான் இருக்கும், அதனால 8 வயசுல வேர் பாதியில நிக்கிறது மட்டும் ஒரு குறையே இல்ல.

சரி, ஹார்மோன் எங்க வருது? சுவத்துல ஆணி அடிச்ச மாதிரி பல்லு எலும்புல இறுகி நிக்கல. வேர் மேல சிமெண்டம்னு ஒரு மெல்லிய பூச்சு, அதுக்கும் எலும்புக்கும் நடுவுல கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர் அகலத்துக்கு நார்த் திசு, அந்த நார்கள்தான் பல்லை தொட்டில் மாதிரி தாங்குது. இந்தப் பூச்சு, நார், பல்லுக்குழியோட உள்சுவர் எலும்பு மூணுமே வளர்ற பல்லைச் சுத்தி இருக்கிற ஒரே பையில இருந்துதான் உருவாகுது. அந்தப் பையில இருக்கிற செல்லுங்க உத்தரவுக்காக காத்துட்டிருக்கும், அந்த உத்தரவுதான் ஹார்மோனும் அதே மாதிரி வேலை செய்ற புரதங்களும்.

இதுல நல்லா தெரிஞ்சது பாராதைராய்டு ஹார்மோனோட (கழுத்துல தைராய்டுக்குப் பின்னாடி இருக்கிற குட்டிச் சுரப்பிகள் சுரக்கிறது) சாயல்ல இருக்கிற ஒரு புரதம், அது கழுத்துல இருந்து வர்றதில்ல, பல்லு வளர்ற இடத்துலயே சுரக்குது. பல்லுக்கு மேல இருக்கிற எலும்பைக் கரைச்சு வழி விடச் சொல்றது அதுதான், பையில இருக்கிற செல்லுங்க சிமெண்டமாவும் நாராவும் ஒழுங்கா மாறுறதுக்கும் அது வேணும். அந்தப் புரதத்தை வாங்கிக்கிற ரிசப்டார்ல மரபணுக் கோளாறு இருக்கிறவங்களுக்கு எந்தத் தடையும் இல்லாமலே கடவாப்பல் உள்ளயே நின்னுடும், கிளிப் போட்டு இழுத்தாலும் வராது, இழுக்க இழுக்க எலும்போட ஒட்டிக்கும். இவ்ளோ சின்ன சிக்னலுக்கு இவ்ளோ அதிகாரமான்னு எனக்கு இன்னிக்கும் பிரமிப்புதான்.

தைராய்டு வேற மாதிரி, அது மொத்த வளர்ச்சியோட வேகத்தைப் பிடிச்சு வச்சிருக்கு. அது குறைஞ்சா எலும்பு வளர்ச்சி, பால் பல் விழறது, புதுப் பல் வர்றது, வேர் முடியறது எல்லாமே லேட்டாகும், வளர்ச்சி ஹார்மோன் குறைஞ்சாலும் இதே கதைதான். பெரியவங்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறி சுரந்தா சில பேருக்கு வேர் மேல சிமெண்டம் தடிச்சுப் போறதும் உண்டு.

பையனுக்கு மாத்திரையை ஒரு நாளும் விடாதீங்க, அளவு சரியா இருந்தா பெரும்பாலும் பல்லும் பின்னாடியே வந்து சேந்துடும். மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசு என்னன்னு ஹார்மோன் டாக்டர்கிட்ட கேளுங்க, அது 6 வயசைக் காட்டினா பல்லும் கொஞ்சம் பின்தங்கி இருக்கிறதுல ஆச்சரியமில்ல. அவசரப்பட்டு பால் பல்லைப் பிடுங்க வேணாம். ஆனா ஒரு பக்கம் பல் வந்து ஆறு மாசமாகியும் இன்னொரு பக்கம் வரலன்னா அது பெரும்பாலும் ஹார்மோன் இல்ல, அந்த இடத்துல ஏதோ தடை இருக்கலாம், உடனே காட்டுங்க.

கேள்வி: 5 மாச கர்ப்பம். பிரஷ் பண்ணினா ஈறுல ரத்தம். குழந்தை என் பல்லுல இருந்து கால்சியம் எடுத்துக்குதா?

பதில்: இல்லம்மா, பல்லுல இருந்து எடுக்கவே எடுக்காது. கர்ப்பத்துல ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் ஏறும்போது ஈறுல இருக்கிற ரத்தக் குழாய்கள் விரிஞ்சு கசியும், கொஞ்சம் அழுக்குப் படலம் இருந்தாலே ஈறு வீங்கிடும். ரத்தம் வருதேன்னு பிரஷை நிறுத்தினா அந்தப் படலம் இன்னும் சேரும், அதனால மென்மையான பிரஷ்ல ரெண்டு வேளையும் தேய்ங்க, கர்ப்பமா இருக்கீங்கன்னு சொல்லிட்டே இப்பவே பல் சுத்தம் பண்ணிக்கலாம், குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது.