ஆட்குறைப்பு செய்யும் விதம் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் பெயரைக் கெடுக்குமா?

நிச்சயமாகக் கெடுக்கும். எத்தனை பேரை அனுப்பினார்கள் என்பது சீக்கிரம் மறந்துபோகும். எப்படி அனுப்பினார்கள் என்பது மறப்பதில்லை. சிங்கப்பூரில் கணினித் துறையில் இருப்பவன் என்பதால் இங்குள்ள நிலைமையை வைத்தே சொல்கிறேன்.

எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியில் இருப்பவருக்கு வேலை போய் பாஸ் ரத்தானால், பொதுவாக 30 நாள்தான் தங்க முடியும். அதற்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கடைசிச் சம்பளமும் கைக்கு வராது. வெளிநாட்டு ஊழியர் விலகும்போது நிறுவனம் வருமான வரித் துறைக்கு ஐஆர்21 படிவம் அனுப்பி, வரி தீரும்வரை அவருக்குரிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. நல்ல நிறுவனம் படிவத்தைத் தாமதிக்காமல் அனுப்பும். வாடகை ஒப்பந்தத்தை இடையில் முறிக்க வீட்டுக்காரர் கேட்கும் கடிதத்தையும் அன்றே கொடுக்கும். என் நண்பருக்கு, பிள்ளையின் பள்ளி ஆண்டு முடியும் நவம்பர்வரை கடைசித் தேதியைத் தள்ளிவைத்தார்கள். அவர் இன்றும் அந்த நிறுவனத்தை விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. இன்னொருவர் படிவம் எப்போது போகும் என்று கேட்டு எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதிலே வரவில்லை. அந்த நிறுவனத்தில் சேரலாமா என்று யார் கேட்டாலும் அவர் சொல்லும் பதிலை ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் ஆட்குறைப்பு இழப்பீடு தர வேண்டும் என்று இங்கே சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஓராண்டுச் சேவைக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம்வரை என்பது வழக்கமான அளவு. கட்டாயம் இல்லாததால்தான் கொடுப்பதில் நிறுவனத்தின் குணம் தெரிகிறது. வாடகைக் கார், உணவு விநியோகச் செயலி நடத்தும் கிராப் 2023 ஜூனில் சுமார் 1,000 பேரைக் குறைத்தபோது, முடித்த ஒவ்வோர் ஆறு மாதச் சேவைக்கும் அரை மாதச் சம்பளம் என்று அறிவித்தது. ஆண்டுக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், அந்த வழக்கத்தின் மேல்வரம்பு அது. 2024 ஜனவரியில் இணைய வணிக நிறுவனமான லசாடா ஆட்குறைப்பு செய்தபோதோ, தங்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று தொழிற்சங்கம் வெளிப்படையாகவே ஏமாற்றம் தெரிவித்தது. பிறகு பேச்சு நடந்து உடன்பாடு ஏற்பட்டது. முதலிலேயே பேசியிருந்தால் அந்தச் செய்தியே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

இது சின்ன ஊர். இன்று வெளியேற்றப்பட்டவர் அடுத்த ஆண்டு ஒரு வங்கியில் மென்பொருள் வாங்கும் முடிவை எடுப்பவராக இருப்பார். உள்ளே மிஞ்சியவர்களும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். திறமையானவர்கள் அன்றிரவே வேறு இடம் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

ஆகவே, புதிய வேலைக்கான கடிதத்தோடு என்னிடம் யோசனை கேட்கும் இளையர்களிடம், அந்த நிறுவனத்திலிருந்து அனுப்பப்பட்ட ஒருவரைத் தேடிப் பேசச் சொல்கிறேன். கடைசிச் சம்பளம் எப்போது வந்தது, கேட்ட கடிதம் கிடைத்ததா என்று அவரிடம் விசாரியுங்கள்.