1939 ரூபாயை எங்கே வாங்குவது?

கேள்வி: அப்பா சேர்த்த ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் வரிசையில் 1939 மட்டும் இல்லை. அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு அதை வாங்கித் தர ஆசை. ஆன்லைனில் ஒருவர் 4,500 ரூபாய்க்குத் தருகிறார். ஏல நிறுவனத்தின் கேட்டலாக்கில் அதைப்போலப் பல மடங்கு போட்டிருக்கிறார்கள். எங்கே வாங்கலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: அந்த 4,500 ரூபாயை இன்னும் அனுப்பவில்லை என்றால், அனுப்பாதீர்கள்.

அந்த வரிசையிலேயே கிடைக்க அரியது 1939தான். அதனாலேயே போலியும் அதிகம். 1938 காசில் உள்ள 8ஐச் செதுக்கி 9 ஆக்கிவிடுவார்கள். இல்லையென்றால் அச்செடுத்து முழுக் காசையும் வார்த்துவிடுவார்கள். நானும் ஒருமுறை ஆன்லைனில் வாங்கி ஏமாந்தேன். அது அப்படி ஒரு வார்ப்புக் காசு. போட்டோவில் அருமையாக இருந்தது. கைக்கு வந்ததும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: எழுத்துகளின் ஓரமெல்லாம் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கல், விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு. நகைக்கடைத் தராசில் 10.4 கிராம்தான் காட்டியது. அசல் ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். இவ்வளவு குறைவதற்குத் தேய்மானத்தைக் காரணம் சொல்ல முடியாது. விற்றவரைத் தேடினால், அவருடைய கணக்கே அங்கே இல்லை.

ஏலத்தில் கூடுதலாகப் போகும் பணம், நாளைக்குப் போய்க் கேட்க ஓர் ஆள் இருப்பதற்கான விலை. ஆனால் போலி என்று தெரிந்தால் திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதை விதிமுறையில் படித்துவிட்டுத்தான் கை தூக்க வேண்டும். கணக்கையும் முன்கூட்டியே போட்டு வையுங்கள். 50,000 ரூபாயில் ஏலம் முடிகிறது, கமிஷன் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 7,500, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,350. இதிலேயே 58,850 ஆகிவிட்டது. காசுக்கு உண்டான வரி, கூரியர் எல்லாம் தனி. எனவே கையில் 60,000 இருந்தால் 50,000க்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். ஏல வேகத்தில் இது மறந்துவிடும்.

ஆன்லைனே கூடாது என்று சொல்லவில்லை. 1940 முதல் 1945 வரை வந்த ரூபாய்களில் வெள்ளி 91.7 சதவீதத்திலிருந்து 50 ஆகக் குறைந்தது. அவை தாராளமாகக் கிடைக்கின்றன, தோற்றாலும் பெரிய நஷ்டமில்லை. பழகுவதற்கு அவற்றை வாங்கலாம். '1818 கம்பெனி ராமர் காசு' என்று வந்தால் மட்டும் விலையைக்கூடக் கேட்காதீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை.

சரி, உங்களுக்கு என்ன வழி? ஏலத்துக்கு முன் காசுகளைப் பார்வைக்கு வைப்பார்கள். நேரில் போய் அந்த 9ஐ லென்ஸில் பாருங்கள். சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி மாதிரி சேகரிப்பாளர் சங்கங்கள் இருக்கின்றன. நாற்பது வருடம் காசு பார்த்த ஒருவரைக் கூட அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. காசைச் சோதித்துத் தரச்சான்று தரும் என்ஜிசி, பிசிஜிஎஸ் நிறுவனங்களின் பெட்டியில் அடைத்து வந்தாலும், சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் படத்தை ஒப்பிடுங்கள். பெட்டியிலும் போலி உண்டு.

அப்புறம், காசு வீட்டுக்கு வந்ததும் கறுத்திருக்கிறதே என்று புளியோ விபூதியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தக் கறுப்போடுதான் அப்பாவுக்கு அது வேண்டும்.