எலியாவுக்கு முதலில் கிடைத்தது அடையும் தண்ணீரும்

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து வந்து, இங்கிலாந்தின் நியூகாசிலில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இது எனக்கு இரண்டாவது குளிர்காலம். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டிலேயே வீடு திரும்புகிறேன். நவம்பர் பிறந்ததும் மனம் பாரமாகிவிடுகிறது. விடுமுறை நாளில் பத்து மணி நேரம் தூங்கியும் அலுப்பு தீரவில்லை. சோறும் பிரெட்டும் அளவில்லாமல் இறங்குகின்றன. வேதத்தைத் திறந்தால் ஒரு வசனத்தைத் தாண்ட முடியவில்லை. பாடகர் குழுவுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். உபவாசமிருந்து ஜெபிக்கும்படி அம்மா போனில் சொல்கிறார். என் விசுவாசம் குறைந்துவிட்டதா, டாக்டர்? மாத்திரை எடுத்தால் அது தேவனை நம்பாததாகிவிடுமா?

பதில்: அன்புச் சகோதரி, இரண்டு கேள்விக்கும் என் பதில் இல்லை என்பதுதான். மார்த்தாண்டத்தில் டிசம்பரிலும் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குமேல் இருக்கும். நியூகாசிலில் அதே நாட்களில் காலை எட்டரைக்கு விடிந்து, மாலை நான்குக்குள் இருட்டிவிடுகிறது. காலை வெளிச்சத்தை வைத்து நேரம் பார்க்கும் உடம்பின் கடிகாரம் இதில் தடுமாறும். 1984இல் நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் இந்தப் பருவகால மனச்சோர்வை விவரித்து எழுதினார்கள். மற்ற மனச்சோர்வுகளில் பெரும்பாலும் தூக்கமும் பசியும் குறையும். இதில் இரண்டும் கூடும், மாவுப் பண்டங்கள்மேல் ஆசை வரும். நீங்கள் எழுதியிருப்பதும் அப்படித்தான் இருக்கிறது. போன வசந்தத்தில் மனம் தானாகத் தெளிந்ததா என்று நினைத்துப் பாருங்கள். கடிதத்தை மட்டும் வைத்து நான் நோயை உறுதிசெய்ய முடியாது, உங்கள் ஜி.பி.யிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், இதையும் சொல்லுங்கள்.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை உங்களுக்காக மறுபடியும் வாசித்தேன். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறங்கப்பண்ணிய எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறார். விசுவாசம் எங்கே என்று தூதன் அவரைக் கேட்கவில்லை. தட்டியெழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டவர் மறுபடியும் படுத்துக்கொள்கிறார்; அதற்கும் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாந்தரம் எழுப்பிச் சாப்பிடச் சொல்லும்போதுதான், போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்கிறான். ஓரேப் மலையில் தேவன் பேசிய மெல்லிய சத்தமெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. என்னிடம் வரும் விசுவாசிகளுக்கு நான் இந்த வரிசையைத்தான் காட்டுகிறேன். ஆகவே இந்த நிலையில் உபவாசம் வேண்டாம். அம்மாவின் அன்பு எனக்குப் புரிகிறது; எலியாவின் கதையை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள்.

இனி வெளிச்சம். பகலில் கிடைக்கும் இடைவேளையில் அரைமணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். வானம் மூடியிருந்தாலும் வெளியிலுள்ள வெளிச்சம் வார்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். அதற்கு வழியில்லாத நாட்களுக்கு, இந்தச் சிகிச்சைக்கென்றே விற்கும் விளக்குப் பெட்டி இருக்கிறது. 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருக்க வேண்டும்; புற ஊதாக் கதிரை வடிகட்டுவதாக இருக்க வேண்டும். எழுந்த சிறிது நேரத்தில் அதைச் சாப்பாட்டு மேசையில் முகத்திலிருந்து ஒன்றரை அடியில், சற்றுப் பக்கவாட்டில் வைத்து, இருபது முப்பது நிமிடம் அதன் முன் உட்காருங்கள். தூரமும் நேரமும் பெட்டிக்குப் பெட்டி மாறும், அதிலுள்ள குறிப்பைப் பாருங்கள். விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டாம். காபி குடிக்கலாம், ஒரு சங்கீதம் வாசிக்கலாம். ஊரில் அதிகாலை ஜெபத்துக்கு உட்கார்ந்த பழக்கம் உங்களுக்கு இருந்திருக்கும். அந்த நேரத்தை இந்த வெளிச்சத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வரும் காலையில் மட்டும் இது கூடாது, தூக்கம் கெட்டுவிடும். விழித்திரைக் கோளாறோ, அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். வழியாக இந்தப் பெட்டி பொதுவாகக் கிடைப்பதில்லை.

வைட்டமின் டி பற்றியும் கேட்பீர்கள். நம்மைப் போன்ற கருநிறத் தோலுக்குத் தினம் 10 மைக்ரோகிராம் என்று அங்கே அறிவுறுத்துகிறார்கள். எலும்புக்காக எடுங்கள், மனச்சோர்வை அது தீர்த்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஜெபிக்க வார்த்தை வராத நாளில் 88ஆம் சங்கீதத்தை மட்டும் வாசியுங்கள். கடைசி வசனம்வரை அதில் விடியலே இல்லை. அப்படிப்பட்ட ஜெபமும் வேதத்துக்குள் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். உங்களுக்கும் அப்படி இருக்கும் என்று நம்புகிறேன்.

பெரும்பாலான நாட்கள் இப்படியே இரண்டு வாரத்துக்குமேல் நீடித்து, வேலையும் தடைப்பட்டால் ஜி.பி.யைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பேச்சு வழிச் சிகிச்சைக்கு இங்கிலாந்தில் நீங்களே நேரடியாகப் பதிவுசெய்துகொள்ளலாம். மாத்திரை கொடுத்தால் கூச்சமில்லாமல் எடுங்கள். அது வேலைசெய்யச் சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது. தினமும் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கிறீர்கள், அதை அவநம்பிக்கை என்று ஒருபோதும் நினைத்ததில்லை அல்லவா? எலியாவைப் போலச் சாக வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கும் வந்தால், அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 116 123 என்ற சமாரிட்டன்ஸ் உதவி அமைப்பின் எண் இரவும் பகலும் இலவசம். 111ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் மனநல உதவி கிடைக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தின் முடிவில் துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கேட்கிறார், புஸ்தகங்களைக் கேட்கிறார், மாரிகாலத்துக்குமுன்னே வந்துசேர் என்று தீமோத்தேயுவையே கேட்கிறார். குளிர் வருமுன் உடுப்பும் துணையும் வேண்டும் என்று கேட்க அந்த அப்போஸ்தலர் வெட்கப்படவில்லை. பாடகர் குழுவில் உங்களோடு நின்று பாடியவர் ஒருவர் இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து உங்களைக் கூட்டிப்போகும்படி அவருக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். பாடாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் போய் உட்காருங்கள்.