கால நீட்டிப்பை நம்பி வேறு நட்சத்திரத்துக்குப் போக முடியுமா?

வேகமாகப் போனால் காலம் மெதுவாகும் என்பதை வைத்து ஓர் ஆயுளுக்குள் இன்னொரு நட்சத்திரத்துக்குப் போகலாமா, இல்லை அது சும்மா கதையா என்று கேட்டிருக்கிறீர்கள். கதை இல்லை. இதை எங்கோ கேட்டு, யாரோ உங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் நடந்தது.

ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்தேன். அப்போது புத்தகத்தில் சார்பியல் பாடம், அதாவது வேகத்தைப் பொறுத்துக் காலமும் தூரமும் மாறும் என்ற பாடம், இருந்தது. நான் மியுவானில் தொடங்கினேன். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் துகள் அது. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. அதற்குள் ஒளியே 660 மீட்டர்தான் போகும். ஆனாலும் மியுவான் தரைக்கு வந்துவிடுகிறது. ஒளி வேகத்தில் 99.9 சதவீதத்தில் ஓடினால், நம் கணக்கில் அதன் ஆயுள் 22 மடங்கு நீள்கிறது.

பிள்ளைகளைக் கையை நீட்டச் சொன்னேன். "ஏறக்குறைய நொடிக்கு ஒன்று இந்த உள்ளங்கை வழியாகப் போகிறது" என்றதும் வகுப்பே கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "சார், தன் ஆயுள் நீண்டது மியுவானுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது. அதன் பார்வையில் அந்த 15 கிலோமீட்டர்தான் 670 மீட்டராகச் சுருங்கிவிடும். அதைப் போர்டில் போடும்போது தாளாளர் வந்தார். "போர்ஷனை முடிக்கச் சொன்னா கதை சொல்றீங்களா?" என்றார், பிள்ளைகள் முன்னாலேயே. ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தில் 560 சதுர மீட்டருக்குக் கருவி வைத்து இதே மியுவானை எண்ணுகிறார்கள் என்றேன். காதில் வாங்கவில்லை. அந்த வருடமே விலகினேன். அசல் சான்றிதழ்களை நாலு மாதம் தராமல் இழுத்தடித்தார்கள். ஆசிரியரின் சான்றிதழைப் பிடித்துவைக்க யார் உரிமை கொடுத்தது? இன்றும் ஆறவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பக்கத்து நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தூரம். 99 சதவீத ஒளி வேகத்தில் போனால் பூமியில் 4.3 வருடம் ஓடும், கப்பலில் இருப்பவருக்கு ஏழு மாதம்தான். வேகமெடுக்கவும் குறைக்கவும் ஆகும் காலத்தை விட்டுவிட்டேன் என்று யாராவது வருவார்கள். தெரிந்தேதான் விட்டேன், கணக்கு புரியட்டும் என்று.

தடை காலம் இல்லை, ஆற்றல். ஒரே ஒரு கிலோவை அந்த வேகத்துக்குக் கொண்டுவர சுமார் 15,000 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும். நாம் அனுப்பியதில் வேகமாக விலகிப்போகும் வாயேஜர்-1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர்தான் போகிறது. அந்த வேகத்தில் பிராக்சிமாவுக்கு 75,000 வருடம் ஆகும். ஆகவே இயற்பியல் தடுக்கவில்லை, நம்மிடம் எரிபொருள் இல்லை. சிரித்தவரிடம் மியுவான் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். எங்காவது சிக்கினால் கருத்துரையில் கேளுங்கள், வரிவரியாகப் போட்டுத் தருகிறேன்.