உப்பு போன வழி

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் தம்பி மியூனிக்கில் வேலையில் இருக்கிறான். போன மே மாத விடுமுறையில் நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அப்பா என்று ஐந்து பேரும் அவனிடம் போய் இறங்கி, ஜெர்மனியும் ஆஸ்திரியாவுமாகச் சுற்றிவிட்டு வந்தோம். மியூனிக், நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனை, சால்ஸ்பர்க், ஹால்ஸ்டாட், பெர்ஹ்டெஸ்காடன். எல்லாம் தம்பி போட்ட பட்டியல்தான். அழகுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மூன்றாம் நாளே சலிப்பு தட்டிவிட்டது. ஒரு சதுக்கம், ஒரு தேவாலயம், மேலே ஒரு கோட்டை, ஐஸ்கிரீம், மறுபடியும் கார். “எல்லாம் ஒரே ஊர்தாம்மா, பேர்தான் வேற” என்றான் பெரியவன். அவனுக்கு 13 வயது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதியே காலத்தைக் கழித்தவர். போன இடமெல்லாம் பெஞ்சு கண்ட இடத்தில் உட்கார்ந்துவிடுவார். பெர்ஹ்டெஸ்காடன் உப்புச் சுரங்கத்தில் மட்டும் ஆளே மாறிப்போனார். வெளியே வந்ததும், “கடல் எங்கயோ கிடக்கு, மலைக்குள்ள உப்பு எப்படி வந்துச்சு? அதை இவ்வளவு மெனக்கெட்டா எடுக்கணும்?” என்று கேட்டார். எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த கோடைக்கும் வரச் சொல்கிறான் தம்பி. இதே ஊர்களை மறுபடி பார்ப்பதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா? வேறு பக்கம் போகலாமா?

வாசகி, தூத்துக்குடி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

இதே பக்கத்துக்குத்தான் மறுபடியும் போங்கள். இந்த முறை தம்பியின் பட்டியலை வீட்டில் வைத்துவிட்டு, அப்பாவின் கேள்வியோடு போங்கள். அந்த வட்டாரத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். நீங்கள் பார்த்தவற்றில் நொய்ஷ்வான்ஸ்டைன் ஒன்றைத் தவிர மற்ற ஊர்கள் எல்லாம் உப்பால் பிழைத்தவை, உப்புக்காக அடித்துக்கொண்டவை. அந்தச் சங்கதி தெரியாமல் போனால் சதுக்கமும் கோபுரமும்தான் கண்ணில் படும். உங்கள் மகன் சொன்னதில் தப்பே இல்லை.

முதலில் அப்பாவுக்குப் பதில். அதுவும் கடல் உப்புதான். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. வெயிலில் தண்ணீர் வற்றி உப்பு படிந்தது. மறுபடி கடல் புகுந்தது, மறுபடி வற்றியது. அப்பா பாத்தியில் பார்த்த அதே வேலையை வெயில் அங்கே லட்சக்கணக்கான ஆண்டுகள் செய்திருக்கிறது. அந்தப் படிவத்தின் மேல் வேறு பாறைகள் ஏறி மூடின. பிற்பாடு ஆல்ப்ஸ் மலை எழுந்தபோது எல்லாம் நசுங்கி மடங்கி, உப்பு களிமண்ணோடும் ஜிப்சத்தோடும் கலந்துவிட்டது. அதனால் பெரும்பாலான இடங்களில் வெட்டியெடுத்து அப்படியே மூட்டை கட்ட முடியாது.

அப்புறம் எப்படி எடுத்தார்கள்? மலைக்குள் அறை குடைந்து நல்ல தண்ணீரை விட்டார்கள். தண்ணீர் சுவரில் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொள்ளும். களிமண் அடியில் தங்கிவிடும். கரைசலில் உப்பு நூற்றுக்கு 26 பங்கு வாக்கில் வந்துவிட்டால் அதற்கு மேல் கரையாது. உப்பளத்தில் உப்புநீரின் அடர்த்தியை 25 டிகிரி என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே கட்டம்தான். அப்பாவுக்குச் சட்டென்று பிடிபடும். அந்த நீரை வெளியே கொண்டுவந்து, பெரிய இரும்புக் கொப்பரைகளில் காய்ச்சி உப்பெடுத்தார்கள். உங்கள் ஊரில் வெயில் காசில்லாமல் செய்வதை அவர்கள் விறகை எரித்துச் செய்ய வேண்டியிருந்தது. நீண்ட குளிர்காலத்துக்கு இறைச்சியையும் பாலாடைக்கட்டியையும் கெடாமல் வைக்க உப்பை விட்டால் வேறு வழியில்லை, கடலோ வெகு தூரம். மெனக்கெட்டதற்குக் காரணம் இதுதான்.

இந்த விறகுதான் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். காய்ச்சிக் காய்ச்சி ஹால்ஸ்டாட் சுற்றுவட்டாரக் காட்டில் விறகு பற்றாமல் போனது. விறகைத் தேடிக் கொண்டுவருவதைவிட உப்புநீரை விறகு இருக்கும் இடத்துக்கு அனுப்புவது சுலபம் என்று முடிவு செய்தார்கள். 1595இல் தொடங்கி 1607இல் முடித்த குழாய்ப்பாதை அது: ஹால்ஸ்டாட்டிலிருந்து எபென்சே வரை சுமார் 40 கிலோமீட்டர். குழாய் என்றால் இரும்பு அல்ல, மரம். ஏறக்குறைய 13,000 மரங்களை நடுவில் துளையிட்டு, ஒன்றன் வாயில் இன்னொன்றைச் செருகி, மலைச்சரிவு நெடுக ஒரே சீராக இறங்கும்படி பதித்தார்கள். மோட்டாரும் பம்பும் இல்லாமல் சரிவிலேயே நீர் ஓடியது. அந்தத் தடத்தை ஒட்டி இன்றைக்கும் நடைபாதை இருக்கிறது. பிள்ளைகளை அதில் ஒரு மணி நேரமாவது நடத்திக் கூட்டிப்போங்கள். ஹால்ஸ்டாட் ஏரியை அங்கிருந்து பார்ப்பது, படகுத்துறையில் நெரிசலுக்குள் நின்று பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஹால்ஸ்டாட்டில் உப்பு வேலை குறைந்தது 3,500 ஆண்டுப் பழசு. அங்கே கெட்டி உப்பும் கிடைத்ததால் பழங்காலத்தார் வெண்கலப் பிக்காசால் வெட்டியெடுத்தார்கள். உப்பில் எதுவும் மக்காது என்பதால் அவர்கள் விட்டுப்போன துணி, தோல் மூட்டை, மரக்கைப்பிடி எல்லாம் அப்படியே கிடைத்திருக்கின்றன. கி.மு. 14ஆம் நூற்றாண்டு மரப் படிக்கட்டு ஒன்றும் கிடைத்தது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொன்று: சுரங்கத் தொழிலாளர்களின் மலம்கூட கெடாமல் கிடந்திருக்கிறது. அதை ஆராய்ந்து, இரும்புக்காலத்தில் அவர்கள் நீலப் பூசணம் பிடித்த பாலாடைக்கட்டியும் பீரும் சாப்பிட்டார்கள் என்று 2021இல் கண்டுபிடித்தார்கள். இதைச் சொன்ன பிறகு எந்தப் பிள்ளையும் சலிப்பாக இருக்கிறது என்று சொல்லாது.

அதே ஊரில் மலையை ஒட்டிய தேவாலயத்தின் பின்னால் எலும்பு மண்டபம் ஒன்று இருக்கிறது, பார்த்தீர்களா? மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஊருக்கே இடமில்லை, இடுகாட்டுக்கு எங்கே போவது? சில ஆண்டுகள் கழித்துக் குழியைத் திறந்து, மண்டையோட்டை எடுத்து வெயிலில் வெளுக்க வைத்து, நெற்றியில் பூவும் இலையும் பெயரும் எழுதி வைத்தார்கள். 1,200 மண்டையோடுகளுக்கு மேல் இருக்கின்றன; அதில் பாதிப்பேருடையது வண்ணம் தீட்டியது. கடைசியாக ஒன்றை வைத்தது 1995இல். ரோஜா, ஓக் இலை, ஐவிக் கொடி என்று ஒவ்வொன்றையும் அத்தனை பிரியமாக வரைந்திருக்கிறார்கள். பயம் காட்டும் இடம் இல்லை. பெரியவனைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம்.

மியூனிக்கும் உப்பு ஊர்தான். சால்ஸ்பர்க் பக்கத்து உப்பு ஊரான ரைஷன்ஹாலிலிருந்து (இன்றைய பாட் ரைஷன்ஹால்) மேற்கே போகும் உப்பு வண்டிகள் ஈசார் ஆற்றை ஃபோரிங் என்ற இடத்தில் கடந்தன. பாலமும் சுங்கமும் ஃப்ரைசிங் பிஷப்புக்குச் சொந்தம். மியூனிக் வட்டாரமான பவேரியாவின் பிரபு ஹைன்ரிஷ் அந்தப் பாலத்தை அழித்துவிட்டு, சற்றுத் தெற்கே தன் நிலத்தில் புதுப் பாலம் போட்டுச் சுங்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிஷப் சும்மா இருப்பாரா? பஞ்சாயத்து பேரரசரிடம் போனது. 1158 ஜூன் 14 அன்று அவர் சொன்ன தீர்ப்பு: சந்தை புது இடத்திலேயே நடக்கட்டும், வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு பிஷப்புக்குப் போகட்டும். அந்தத் தேதியைத்தான் மியூனிக் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. நகர நடுச் சதுக்கமான மரியென்பிளாட்ஸில் பொம்மைக் கடிகாரம் ஆடுவதை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். உப்பு வண்டிகள் வந்து நின்ற சந்தை அதே இடத்தில்தான் கூடியது. மகனிடம் இதைச் சொல்லிவிட்டு அங்கே நிற்க வையுங்கள்.

சால்ஸ்பர்க்கில் ஊரை ஆண்ட வுல்ஃப் டீட்ரிஷ் என்ற பேராயரைத் தேடுங்கள். 1587இல் பதவிக்கு வந்தவர். ஹாலைன் ஊருக்கு மேலே உள்ள சுரங்கத்திலிருந்து வந்த உப்புப் பணத்தில், பழைய வீடுகளை இடித்துத் தள்ளி இன்று நாம் படம் எடுக்கும் அகன்ற சதுக்கங்களைத் தொடங்கியவர் அவர்தான். மிராபெல் தோட்டத்து அரண்மனையை 1606இல் தன் காதலி சலோமே ஆல்ட்டுக்கும் பிள்ளைகளுக்கும் கட்டினார். எந்த உப்பு தூக்கிவிட்டதோ அதே உப்புதான் அவரைக் கவிழ்த்தது. உப்பு வியாபாரத் தகராறில் 1611இல் பெர்ஹ்டெஸ்காடனைப் படையனுப்பிப் பிடித்தார். பவேரியப் படை சால்ஸ்பர்க்குக்குள்ளேயே வந்துவிட்டது. ஓடிய பேராயரைப் பிடித்து, மேலே தெரிகிறதே, அந்தக் கோட்டையில் அடைத்தார்கள். 1617இல் அங்கேயே இறந்தார். கீழே சதுக்கத்தில் நின்று கோட்டையைப் பார்க்கும்போது இந்த மனிதரின் கதை தெரிந்திருக்க வேண்டும்.

பேராலயக் கதவுகளையும் பாருங்கள். 774, 1628, 1959 என்று மூன்று ஆண்டுகள் பொறித்திருக்கும். முதலாவது முதல் ஆலயம், இரண்டாவது இப்போதைய கட்டடம். மூன்றாவது, 1944இல் குண்டு விழுந்து குவிமாடம் நொறுங்கிய பிறகு மறுபடி கட்டித் திறந்த ஆண்டு. இடிந்ததை மறைக்காமல் வாசலிலேயே எழுதி வைத்திருப்பது எனக்கு மிகுந்த மரியாதையைத் தருகிறது.

ஹாலைன் சுரங்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். சால்ஸ்பர்க்கிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணிக்குள் ஹாலைன். அங்கிருந்து மேலே பஸ். உப்பெடுப்பது 1989இல் நின்றுவிட்டது. இப்போது பார்வைக்கு மட்டும். உள்ளே நடக்கும்போது பூமிக்கு அடியிலேயே ஆஸ்திரிய எல்லையைத் தாண்டி ஜெர்மனிக்குள் போய்த் திரும்புவீர்கள். இதற்கு 1829இல் ஆஸ்திரியாவும் பவேரியாவும் ஒப்பந்தம் போட்டன. ஆஸ்திரியத் தரப்பு சொன்னது இதுதான்: உங்கள் நிலத்துக்கு அடியில் நாங்கள் உப்பெடுக்கிறோம், பதிலுக்கு எங்கள் காட்டில் நீங்கள் உப்புக் காய்ச்ச விறகு வெட்டிக்கொள்ளுங்கள். திருத்தங்களோடு அது இன்னமும் நடைமுறையில் இருக்கிறது. எத்தனை தலைமுறைச் சண்டைக்குப் பிறகு இப்படி ஒரு கணக்குக்கு வந்தார்கள் என்று நினைத்தால் மனசு நிறைகிறது.

நொய்ஷ்வான்ஸ்டைனை இந்த முறை விட்டுவிடலாம். அதைக் கட்டிய ராஜா 1886இல் இறந்த சில வாரங்களிலேயே டிக்கெட் போட்டுத் திறந்துவிட்ட இடம் அது. ஒருமுறை பார்த்தாயிற்று, போதும்.

திட்டத்துக்கு வருகிறேன். காரில் தினமும் ஓர் ஊர் என்று ஓடாதீர்கள். சால்ஸ்பர்க்கிலோ பாட் ரைஷன்ஹாலிலோ ஒரே வீடாக எடுத்துக்கொண்டு அங்கிருந்து போய்ப் போய் வாருங்கள். இரண்டுக்கும் இடையே தூரம் அதிகமில்லை, ரயில் இருக்கிறது. ஹால்ஸ்டாட்டுக்கு மட்டும் ஓர் இரவு ஒதுக்குங்கள். 800 பேர்கூட இல்லாத ஊர் அது. பகலில் வந்து குவியும் கூட்டம் தாங்காமல் 2023இல் ஊர்க்காரர்களே தெருவில் இறங்கிப் போராடினார்கள். சாயங்காலம் பஸ்கள் போன பிறகு ஊரைப் பாருங்கள். வீட்டு ஜன்னலுக்குள் கேமராவை நீட்ட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

அப்பாவுக்கு என்று பாட் ரைஷன்ஹாலில் ஒரு முழு நாள் வையுங்கள். அங்கே பழைய உப்பு ஆலை இருக்கிறது. 1834இல் ஊரே எரிந்த பிறகு முதலாம் லுட்விக் ராஜா கட்டியது. 13 மீட்டர் உயரத் தண்ணீர்ச் சக்கரங்கள் இன்றும் சுற்றி, அடியாழத்து ஊற்றிலிருந்து உப்புநீரை மேலே ஏற்றுகின்றன. பூங்காவில் முள்சுள்ளிகளை அடுக்கிக் கட்டிய நீண்ட சுவர் ஒன்று உண்டு. உப்புநீர் அதில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். மூச்சுக்கு நல்லது என்று வயதானவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். உதட்டை நக்கினால் கரிக்கும். அந்தப் பெஞ்சில் அப்பா எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

ஆலைக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். நடையும் படிகளும் உண்டு. நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். போய் வந்த பிறகு, அங்கத்திய உப்பைப் பற்றி அப்பா என்ன சொன்னார் என்று அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்.